முகாமா, பக்கத்துக் கிளினிக்கா, பேராதனையா? விசேட தேவையுள்ளவர்களின் பல்லுக்கு எதில் பணம் போடுவது

விசேட கல்வி அலகுகளில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது பல் பற்றிப் பேச்சு வந்தால், முதலில் யாராவது சொல்வது "ஒரு பல் முகாம் வைப்போமே" என்பதுதான். மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கள் குழுவிலும் இந்த வருடம் அதே பேச்சு. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் சேர்த்து அனுப்பிய கொஞ்சப் பணம் கையில் இருக்கிறது. அதை முகாமுக்குப் போடலாம். மாதாமாதம் பிள்ளைகளைப் பக்கத்து ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் வாகனத்துக்குப் போடலாம். தனியார் பல் டொக்டர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். அல்லது மிக மோசமான நிலையில் உள்ள நாலைந்து பேரைப் பேராதனையிலோ கொழும்பிலோ உள்ள பெரிய பல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், முழு மயக்கத்தில் எல்லாப் பல்லையும் ஒரே தடவையில் செய்விக்கலாம்.

என் தம்பிக்கு டவுன் சின்ட்ரோம். இருபது வயதைத் தாண்டிவிட்டான். அவனோடு இந்த வழிகளில் ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு விதத்தில் தொட்டுப் பார்த்திருக்கிறோம். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணத்தில் பெரும்பகுதி பக்கத்துக் கிளினிக்குக்குத் தவறாமல் போய்வரும் ஏற்பாட்டுக்குத்தான் போக வேண்டும். மற்ற மூன்றுக்கும் இடம் உண்டு, ஆனால் அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று விளங்க, இந்தப் பிள்ளைகளின் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் சூத்தைதான் பிரச்சினை என்று நினைக்கிறோம். தம்பிக்கு ஒரு சூத்தைப் பல்கூட இல்லை. வெள்ளைப் பல், பார்ப்பவர்கள் எல்லோரும் "நல்ல பல்லு" என்பார்கள். ஆனால் கீழ் முன்பற்கள் ஆடத் தொடங்கிவிட்டன. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பல் பிந்தி முளைக்கும், சூத்தை பெரும்பாலும் குறைவு, ஆனால் முரசு (ஈறு) நோய் இளவயதிலேயே வந்து, வேகமாக எலும்பைக் கரைக்கும். பிரஸ் பண்ணும்போது இரத்தம் வந்ததை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. வலி இல்லாததால் யாருக்கும் அவசரம் தெரிவதில்லை.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு விஷயம் வேறு. நாக்குக்கும் கன்னத்துக்கும் உணவைத் தள்ளி விழுங்கும் பலம் குறைவு. மத்தியானம் ஊட்டிய சோறு பின்னேரமும் கொடுப்புக்குள் இருக்கும். மென்று தின்ன முடியாததால் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட், சீனி போட்ட திரிபோஷா என்று இனிப்பும் மிருதுவுமாகத்தான் உணவு. அது பல்லோடு ஒட்டிக்கொண்டே கிடக்கும். வயிற்றில் இருந்து புளிப்பு மேலேறும் பிள்ளை என்றால் பல்லின் மேற்பூச்சும் கரையும். வலிப்புக்கு பெனிட்டோயின் குடிப்பவர்களில் பலருக்கு முரசு வீங்கி வளர்ந்து பல்லை மூடத் தொடங்கும். அதற்காக மருந்தை நாமே நிறுத்திவிடக் கூடாது. வலிப்புக் கிளினிக்கில் சொல்லி மாற்று மருந்து பொருந்துமா என்று கேட்க வேண்டும். பாணி மருந்து குடிக்கும் பிள்ளைக்கு அதில் உள்ள சீனி, அதுவும் படுக்கப்போகும் நேரத்தில். ஓட்டிசம் உள்ளவர்களுக்கோ பற்பசையின் நுரையும் காரமுமே தாங்காது. கிளினிக் வெளிச்சமும் இயந்திரச் சத்தமும் அதற்கு மேல்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பேச்சு வராத பிள்ளை பல் வலிக்கிறது என்று சொல்லாது. சாப்பாட்டைத் தள்ளும், கன்னத்தில் அடித்துக்கொள்ளும், கையைக் கடிக்கும், இரவில் தூங்காது. "இப்ப கொஞ்ச நாளா குணம் மாறிப் போச்சு டீச்சர்" என்று அம்மாமார் சொல்லும்போது, பாதி நேரம் யாரும் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆக, நம் பிள்ளைகளின் பல் பிரச்சினை மெதுவாக வளரும், வெளியே தெரியாது, திரும்பத் திரும்ப வரும். எந்த வழி நல்லது என்பதை இந்த மூன்றையும் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

முகாமை எடுத்துக்கொள்வோம். அதன் நன்மையை மறுக்க முடியாது. வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பல் டொக்டரைக் காணாதவர்களை அது வெளியே கொண்டுவரும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வர வழியில்லாத குடும்பங்களுக்கு, டொக்டரே ஊருக்கு வருவது பெரிய விஷயம். யாருக்கு என்ன தேவை என்று ஒரே நாளில் பட்டியல் போட்டுவிடலாம். ஆனால் சிகிச்சை என்று வந்தால், ஒரு நாளில் செய்ய முடிவது பல் கழட்டுவதும் கொஞ்சம் சுத்தம் செய்வதும்தான். மண்டபம் நிறையச் சனம், ஒலிபெருக்கி, வரிசை. ஓட்டிசம் உள்ள பிள்ளை அந்த இடத்துக்குள் காலே வைக்காது. வைத்த பிள்ளையை நாலு பேர் பிடித்து வாயைத் திறந்தால், அடுத்த பத்து வருடத்துக்கு அது வெள்ளை உடுப்பைக் கண்டாலே ஓடும். பல் கழட்டிய இடத்தில் இரவு இரத்தம் நிற்காவிட்டால் யாரிடம் போவது என்பதும் பிறகுதான் யோசனைக்கு வரும். வல்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்து எடுக்கும் சிலருக்கு இரத்தம் உறைவது பிந்தும். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிறவியிலேயே இருதயக் குறையோடு வருகிறார்கள். அவர்களில் சிலருக்குப் பல் கழட்டும் முன் அன்டிபயோட்டிக் கொடுக்க வேண்டும். இவற்றைக் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. முகாமில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

அதனால் முகாம் வைத்தால், பார்ப்பதற்கும் பட்டியல் போடுவதற்கும் புளோரைட் பூசுவதற்கும் மட்டும் வைக்கலாம் என்பது என் கருத்து. ஊசியும் கொறடும் அன்று வேண்டாம்.

இனிப் பக்கத்துக் கிளினிக். இலங்கையில் இதற்கு ஒரு நல்ல அத்திவாரம் ஏற்கனவே உண்டு. பாடசாலைப் பற்சிகிச்சை சேவை 1950களிலேயே நியூசிலாந்து முறையைப் பின்பற்றித் தொடங்கியது. மகரகமையில் பயிற்சி பெற்ற பற்சிகிச்சையாளர்கள் பாடசாலை வளவுகளில் உள்ள சின்னக் கிளினிக்குகளில் பிள்ளைகளுக்குப் பல் அடைப்பார்கள், பால்பல் கழட்டுவார்கள், புளோரைட் பூசுவார்கள். காசு இல்லை. நம் பிள்ளைகளுக்கு இதில் பெரிய வசதி, அந்த அறை சிறியது, அமைதியானது, பார்ப்பவர் ஒரே ஆள். ஆனால் அது 13 வயது வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போக வேண்டும். மற்றப் பிள்ளைகள் தாங்களாகவே போய்விடுவார்கள். நம் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் காணாமல் போகிறார்கள். தம்பியும் அப்படித்தான்; 13க்குப் பிறகு பல வருடம் யாரும் அவன் வாயைப் பார்க்கவில்லை. பெரியவர்களான விசேட தேவையுள்ளவர்களைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்சு வருவதில்லை. இந்தத் திட்டத்தில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பது அதனால்தான்.

களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை, காத்தான்குடி என்று மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டக் கரையோரத்திலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. நாம் கேட்க வேண்டியது புதுக் கட்டடமோ புது ஆளோ இல்லை. மாதத்தில் ஒரு நாள், சனம் குறைந்த கடைசி ஒன்றரை மணி நேரத்தை நம்மவர்களுக்கென்று ஒதுக்கச் சொல்லிக் கேட்பது. காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்துப் பத்தரை வரை வாங்கில் இருக்கச் சொன்னால், கதிரையில் ஏறும் முன்பே பிள்ளையின் பொறுமை முடிந்துவிடும். நேரம் ஒதுக்கப்பட்டால் வந்தவுடன் உள்ளே போகலாம். அந்த ஒரு மாற்றத்தாலேயே பாதி வேலை ஆகிவிடும்.

ஒரே ஆள், ஒரே கதிரை, ஒரே நேரம் என்று மாதாமாதம் போனால் என்ன ஆகும் என்பதைத் தம்பியிடம் பார்த்தோம். முதல் தடவை கதிரையைத் தொட்டுவிட்டு வந்தான். அடுத்த தடவை உட்கார்ந்தான், கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தான். அதற்கு அடுத்தது, டொக்டர் தன் விரலைக் காட்டி, தூரிகையை அவன் நகத்தில் சுற்ற வைத்து, பிறகு பல்லில் வைத்தார். சொல்வது, காட்டுவது, செய்வது என்ற இந்த முறை பல் மருத்துவத்தில் பழையது. நம் பிள்ளைகளுக்கு அது வேலை செய்யும், ஆனால் நாட்கள் எடுக்கும். ஒரு நாள் முகாமில் முதல் படியிலேயே மணி முடிந்துவிடும்.

மொழியும் இதில் ஒரு பெரிய பங்கு. தம்பிக்கு "வாயைத் திற" என்றால் விளங்காது. "ஆ காட்டு" என்றால் திறப்பான். "முடிஞ்சுது" என்று சொன்னால்தான் கை நிற்கும் என்று நம்புவான். அம்மா இதை ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறா. டொக்டர் மாறிப் போனாலும் தாள் இருக்கும். அம்பாறைப் பக்கம் சிங்களம் பேசும் டொக்டர் என்றாலும் அந்த நாலு சொல்லைப் படித்துக்கொண்டால் போதும். பேராதனையில் அவசரத்தில் இதையெல்லாம் யார் கேட்பார்கள்?

ஊசியும் இயந்திரமும் இல்லாமலே இப்போது நிறையச் செய்யலாம் என்பதும் பக்கத்துக் கிளினிக்கின் பக்கம் தராசைச் சாய்க்கிறது. சில்வர் டையமின் புளோரைட் என்ற திரவத்தைச் சூத்தையில் சின்னத் தூரிகையால் தொட்டு வைத்தால், பெரும்பாலும் சூத்தை அதற்கு மேல் போகாமல் நிற்கும். சூத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும்; முன்பல் என்றால் வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். வெள்ளி ஒத்துவராதவர்களுக்கு இது கூடாது. கையால் சுரண்டி எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் என்ற சீமெந்தால் அடைக்கும் முறையும் உண்டு. இவை இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் கிளினிக்கில் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரைப் பல் கதிரைக்குத் தூக்கி மாற்றத்தான் வேண்டும் என்றும் இல்லை. நாற்காலியைச் சுவரோடு வைத்து, பின்னால் ஒருவர் தலையைத் தாங்கிக்கொண்டால் அதிலேயே பார்க்கலாம். டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து எலும்பு பலவீனமாக இருக்கும். தலையை அதிகம் பின்னால் வளைக்க வேண்டாம் என்று டொக்டரிடம் நாமே சொல்ல வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. டொக்டருக்கு இடமாற்றம் வரும். சில நாட்களில் கதிரை பழுது, சில நாட்களில் தண்ணீர் இல்லை. வாவியைப் பாதையில் (மிதவைப் படகில்) கடந்து, பிறகு ஆட்டோ பிடித்து வருகிறவர்களுக்கு இதுவும் தூரம்தான். 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்குக் கொஞ்சம் இலகு. மண்டூர்ப் பக்கத்தில் சக்கர நாற்காலியோடு பாதையில் ஏறி இறங்குவது இரண்டு ஆண்களின் வேலை. கையில் உள்ள பணம் போக வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது: மாதத்துக்கு ஒரு வான், ஏற்றி இறக்கத் தெரிந்த ஒரு ஆள். சிகிச்சைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. தடுப்பது பயணம்தான்.

தனியார் கிளினிக் பற்றி நீட்டத் தேவையில்லை. பின்னேரம் போகலாம், கூட்டம் குறைவு, சில டொக்டர்மார் மிகவும் அன்பாகப் பார்ப்பார்கள். ஆனால் நம்மவர்களுக்கு ஒரு பல்லுக்கு மூன்று தடவை போக வேண்டிவரும், ஒவ்வொரு தடவைக்கும் காசு. பல இடங்கள் மாடிப்படி ஏறிப் போகிற மேல்மாடி. பொதுப் பணத்தை இதில் போட்டால் இரண்டு மாதத்தில் கரைந்துவிடும். இரவில் வலி தாங்காமல் துடிக்கும் ஒருவருக்கு உதவ ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்தால் போதும்.

பேராதனை, கொழும்பு விஷயம்தான் மனதைக் குழப்பும், ஏனென்றால் பெற்றோர் அதைத்தான் ஆசையாகக் கேட்கிறார்கள். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் கொழும்புத் தேசிய பல் வைத்தியசாலையும் நாட்டின் பெரிய இடங்கள். பிள்ளையைத் தூங்க வைத்து, கழட்ட வேண்டியதைக் கழட்டி, அடைக்க வேண்டியதை அடைத்து, சுத்தமும் செய்து ஒரே தடவையில் அனுப்புவார்கள் என்பது எவ்வளவு ஆறுதல். கதிரையில் எந்த விதத்திலும் உட்கார முடியாதவருக்கு, பல பற்கள் ஒரேயடியாகப் போய்விட்டவருக்கு, கட்டுப்படாத அசைவுகள் உள்ளவருக்கு அதைத் தவிர வேறு வழி இல்லை. அவர்களுக்கு அது கிடைத்தே ஆக வேண்டும்.

ஆனால் "ஒரே தடவை" என்பது சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் மட்டும்தான். முதலில் காட்டப் போக வேண்டும். பிறகு இரத்தப் பரிசோதனை, இருதயம் பார்ப்பது, மயக்க மருந்து டொக்டரின் அனுமதி. பிறகு திகதி. அந்தத் திகதியில் பிள்ளைக்குத் தடிமனோ காய்ச்சலோ வந்தால் வேறு திகதி. மயக்கத்துக்கு முன் திட உணவு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும். வலிப்பு மருந்தை அன்று காலை எப்படிக் கொடுப்பது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். மகியங்கனையைத் தாண்டிப் 18 வளைவு ஏறும் பாதையில், வாந்தி எடுக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போன தாய்மாரைக் கேட்டால் தெரியும். கொழும்பு என்றால் 300 கிலோமீற்றருக்கு மேல்; இரவு ரயிலோ வானோ, தங்க ஓர் இடம், தகப்பனின் கூலி நாட்கள்.

இன்னொரு விஷயம்: மயக்கத்தில் எல்லாவற்றையும் செய்துவிட்டு வந்த பிள்ளைக்கு, வீட்டில் பிரஸ் பண்ணுவதும் சாப்பாடும் பழையபடியே இருந்தால் சூத்தை திரும்ப வரும். உலகம் முழுக்கப் பல் டொக்டர்கள் காண்பது இதைத்தான். பின்தொடர்ந்து பார்க்கப் பக்கத்துக் கிளினிக் இல்லாமல் பேராதனைக்குப் போவது, அரைவாசி வேலை. பக்கத்துக் கிளினிக்கில் பழகிய டொக்டர் ஒருவர் இருந்தால் யாருக்குத் தியேட்டர் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை அவரே பிரித்துத் தருவார், கடிதமும் அவரே தருவார். போகும் முன் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கவும் சொல்வார். கிட்ட முடியும் என்றால் மலை ஏறத் தேவையில்லை.

இந்த நாலுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது, அதற்குப் பணம் அதிகம் வேண்டாம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அலகிலேயே ஒரு தடவை பிரஸ் பண்ணுவது. இதற்கு யாராவது ஒரு நாள் வந்து பெற்றோருக்கும் டீச்சர்மாருக்கும் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். முன்னால் நின்று பண்ணினால் பிள்ளை தலையைத் திருப்பும். பின்னால் நின்று, பிள்ளையின் தலையை நம் நெஞ்சில் சாய்த்து, ஒரு விரலால் சொண்டை விலக்கி, பல்லும் முரசும் சேரும் இடத்தில் சின்னச் சின்னதாகச் சுற்ற வேண்டும். விரலைப் பல்லுக்கு இடையில் வைக்கவே கூடாது. கடிக்கும் பிள்ளை என்றால் இன்னொரு பிரஸ்ஸின் பிடியைக் கொடுத்துக் கடிக்க விடலாம். கைப்பிடி பிடிக்க முடியாத பிள்ளைக்கு சைக்கிள் ஹேண்டிலின் பழைய றப்பரைப் பிரஸ்ஸின் பிடியில் ஏற்றிக் கொடுத்தால் தானே பிடிக்கும். துப்பத் தெரியாதவருக்குப் பற்பசை அரிசிமணி அளவு போதும். 1000 பிபிஎம்முக்குக் குறையாத புளோரைட் இருக்க வேண்டும், நுரையைத் துணியால் துடைத்துவிடலாம். சாப்பிட்ட பிறகு கொடுப்புக்குள் விரலில் சுற்றிய துணியை, பல்லுக்கு வெளிப்பக்கமாகவே விட்டு ஒருமுறை வழித்தால் மிச்சச் சோறு வந்துவிடும்.

பணத்தைப் பங்கிடும் கேள்விக்கு வருகிறேன். பெரும்பகுதி மாத வானுக்கு. ஒரு சிறு தொகை பிரஸ், பற்பசை, பழக்கும் நாளுக்கு. அடுத்த சிறு தொகை, டொக்டர் கடிதம் தந்து தியேட்டருக்கு அனுப்பும் ஓரிருவரின் பயணத்துக்கும் தங்குவதற்கும். முகாம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்கள் இருந்தால், முதல் மாத வானுக்கு முன்பு பட்டியல் போடும் நாளாக அதை வைக்கலாம். ஒரு விஷயம் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது: முகம் வீங்கி, காய்ச்சலோடு, விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டப்படும் ஒருவரை எந்த மாதத்துக்காகவும் வைத்திருக்கக் கூடாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

ஒரு நிலையில் மட்டும் என் முடிவு மாறும். பக்கத்து ஆஸ்பத்திரியில் பல் டொக்டர் பதவி வெறுமையாக இருந்து, நிரப்பப்படும் வாய்ப்பும் கிட்டத்தில் இல்லை என்றால், அந்த வருடத்துக்கு வானை மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ திருப்ப வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாக இருந்தாலும் சரி.

அப்புறம், மாதத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கச் சொல்லிக் கேட்கும் கடிதம். மட்டக்களப்பில் உள்ளவர்கள் மட்டக்களப்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுத வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் சுகாதாரப் பிராந்தியம் இரண்டு, அம்பாறையும் கல்முனையும். உங்கள் ஆஸ்பத்திரி எதற்குள் வருகிறது என்று பார்த்து அனுப்புங்கள். பிரதியை அங்கே உள்ள பிராந்தியப் பல் வைத்தியருக்கும் ஆஸ்பத்திரி அத்தியட்சகருக்கும் கொடுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. வலுவிழந்தவர்களின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 25ஆவது உறுப்புரை, சுகாதார சேவை அவர்கள் வாழும் ஊருக்கு இயன்றளவு கிட்டக் கிடைக்க வேண்டும் என்கிறது, கிராமங்களையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டையும் ஒரு வரியில் குறிப்பிடலாம். அதைவிட முக்கியம் இணைக்கும் பட்டியல்: எத்தனை பேர், ஒவ்வொருவரின் வயது, சக்கர நாற்காலியா நடப்பவரா, என்ன மருந்து, இருதயக் குறை உண்டா, கடைசியாகப் பல் பார்த்தது எப்போது. அந்தக் கடைசி நிரலில் "ஒருபோதும் இல்லை" என்பது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.